இல்லாத படத்தில் வந்த எங்கள் பாட்டு

அந்தக் காலத்து மைக்குக்கு ஒரு மணம் இருந்தது. இரும்பு மணம், எச்சில் மணம், எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் அறிவிப்பாளர் செல்வம் அண்ணாவின் வெற்றிலை மணம். இசைக்குழுவில் நல்ல மைக் ஒன்றுதான் இருந்தது. நான் பாட வாயைத் திறந்தால் முதலில் மூக்குக்குள் போவது அவருடைய பாக்குத்தான்...

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம். திருகோணமலைத் துறைமுக வீதியில் இருந்து ஒரு வான் வண்டியில் கிளம்புவோம். மடியில் கீபோர்ட், காலுக்கிடையில் ட்ரம், முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி. வெருகல் பக்கம் போவதென்றால் வானோடு பாதையில் ஏற வேண்டும். பாதை என்றால் வாகனத்தையும் சனத்தையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கும் மிதவை. அதில் ஏறியதும் நான் கண்ணாடியை எடுத்து மேக்கப் போடத் தொடங்குவேன். கண்மை இழுக்கும் நேரம் அலை அடித்தால் அன்றைக்கு ஒரு கண் பெரிது, ஒரு கண் சின்னது.

எங்கள் பக்கத்தில் பாப் பாடகி என்றால் அப்போது நான்தான். சும்மா சொல்லவில்லை, கேட்டுப் பாருங்கள். ஜீன்ஸ் போட்டு மேடையேறியதற்கு அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு அடுத்த நிகழ்ச்சிக்கு அவரே அந்த ஜீன்ஸை அயன் பண்ணித் தந்தார்.

கீபோர்ட் வாசித்தவன் அன்ரன். ஞாயிறு பூசைக்கு ஓர்கன், மற்ற நாளெல்லாம் பைலா ஆட்டப்பாட்டு. அவனுக்குத் திடீரென்று ஒரு மெட்டு வந்தது. அவன் வீட்டு விறாந்தையில் இருந்து நான் சொல் போட்டேன்.

"பாதை வருது, பாதை வருது, பார்த்து ஏறடி..."

முதல் முதலாக எங்களுடைய சொந்தப் பாட்டு. எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

ஆனால் அந்த நாளில் மேடைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். செல்வம் அண்ணா அதை இழுத்துச் சொல்கிற விதத்துக்கே விசில் பறக்கும். படம் இல்லாத பாட்டென்றால் சனம் கூச்சல் போட்டுக் கூ அடிக்கும். கூ வாங்கிய குழுவை அடுத்த வருசம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

வெருகல் பக்கம் ஒரு கோயில் திருவிழா. எங்கள் பாட்டின் முறை வந்தது. செல்வம் அண்ணா மைக்கைப் பிடித்து, அடுத்து வருவது 'கரையோரக் காதலி' படத்தின் பாடல் என்றார்.

அப்படி ஒரு படமே இல்லை...

நான் அன்ரனைப் பார்த்தேன். அவன் கட்டைகளில் விரலை வைத்தபடி அப்படியே நின்றான். ட்ரம் தொடங்கிவிட்டது, பாடினேன். சனம் எழும்பி ஆடியது. மெட்ராஸில் படம் எடுக்கிறவர்களுக்கு எங்கள் பாதையைப் பற்றி எப்படித் தெரியும் என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை!

இறங்கியதும் செல்வம் அண்ணாவோடு சண்டைக்குப் போனேன். அவர் ஆற அமர வெற்றிலை மடித்தார்.

"தங்கச்சி, எங்கட பாட்டெண்டு சொல்லியிருந்தா கூ அடிச்சிருப்பாங்கள். இப்ப பாரும், ஆடிட்டாங்கள்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வரும்போது வானைப் பாதையில் ஏற்றினோம். அங்கே வைத்து அன்ரன் சொன்னான். "பாட்டு நல்லாயிருக்கெண்டு தெரிஞ்சு போச்சு. எங்கட எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியாது. இனி நான் மெட்டுப் போடமாட்டன்."

கொஞ்ச நாளில் கிண்ணியாவில் பாட்டுக் கசெற் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் செல்வம் அண்ணாவைப் பிடித்து, 'கரையோரக் காதலி' கசெற் எங்கே எடுக்கலாம், பெடியன்கள் வந்து வந்து கேட்கிறார்கள் என்று விசாரித்தாராம். செல்வம் அண்ணா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

அடுத்த நிகழ்ச்சி சீனன்குடாவில், ஒரு விளையாட்டுக் கழகத்தின் மைதானத்தில். பொழுது சாயும் நேரம். நாலாவது பாட்டு முடிய முன்னமே 'கரையோரக் காதலி' என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். இல்லாத படம் எங்களுக்கு முன்னால் அங்கே போய்விட்டது.

செல்வம் அண்ணா வாயைத் திறந்தார். நான் மைக்கைப் பறித்துவிட்டேன். கூ விழுந்தால் அன்ரன் அன்றோடு கீபோர்டையும் விட்டுவிடுவான் என்று தெரியும். என்றாலும் சொன்னேன்.

"இந்தப் பாட்டுக்குப் படம் இல்லை. மெட்டு அன்ரன், சொல்லு நான். திருகோணமலையில இருந்து செய்த பாட்டு. எங்கட பாட்டு."

கூ விழவில்லை. ஜெனரேட்டர் மட்டும் இரைந்தது. முன்னால் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு அக்கா, படத்தில் இல்லையா என்று கேட்டார். ஓம், இல்லை என்றேன்.

"அப்ப எங்கட பாட்டெல்லோ. ரெண்டு தரம் பாடுங்கோ."

மூன்று தரம் பாடினோம். மூன்றாவது தரம் நான் பாடவே இல்லை, சனம்தான் பாடியது. அன்ரன் தலையைக் குனிந்து வாசித்தான், முகத்தை எனக்குக் காட்டவில்லை. அதற்குப் பிறகு அவன் போட்ட மெட்டுக்களை எல்லாம் படம் இல்லாமலே பாடினோம். கொழும்பு, பரிஸ், ரொறொன்ரோ என்று எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். பெரிய ஹோல், பெரிய லைட். அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்த மாதிரி ஒரு நாளும் நிமிரவில்லை.

போன மாதம் துறைமுகப் பக்கம் இளம் பிள்ளைகளின் நிகழ்ச்சி. என்னையும் அன்ரனையும் முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். இப்போது பிள்ளைகள் பாட்டை வீட்டிலேயே பதிந்து, போனிலேயே ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். எங்களைப் போல ஸ்பீக்கர் பெட்டியோடு பாதைக்குக் காத்து நிற்பதில்லை. அந்தப் பயணங்களை நினைத்தால் கொஞ்சம் ஏக்கம்தான்...

பாடிய பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். ஒரு பாட்டு முடிய, "அடுத்ததும் எங்கட பாட்டுத்தான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தது. எந்தப் படம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அன்ரன் என் பக்கம் சாய்ந்து, "பயப்பிடாமச் சொல்லுது, பாத்தியா?" என்றான்.

ஓம் என்று தலையாட்டினேன். சந்தோசத்தில் கைதட்டத் தொடங்கினேன்.