கற்பூரம் விழுந்த தட்டு

வெள்ளிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, என் விரல் நுனியிலிருந்து ஒரு கற்பூரத் துணுக்கு மகளின் கண்ணாடித் தட்டில் விழுந்தது.

மனைவிக்குச் செனாவாங் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் என்றால் விளக்கேற்றுவது நான்தான். அறை அறையாகத் தீபம் காட்டுவது எங்கள் வழக்கம். மகளின் மேசையருகே நான் வரும்போது தீபம் அணையப் பார்த்தது. இன்னொரு வில்லையைக் கிள்ளிப் போட்டேன்.

முதுகலை ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டவள் அவள். ஏன் என்று கேட்கப் பயந்து, வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவேன். கடைசியில் அவளுடைய விரிவுரையாளர், அவள் 'டாக்டர்' என்று கூப்பிடுபவர், "சோதனைய வீட்டிலயே செஞ்சு வை. போர்டிக்சன் போற வழியில வந்து பாக்குறேன், அப்புறம் நீ திரும்ப வர்றதப் பத்தி முடிவு பண்ணலாம்" என்று தட்டைக் கொடுத்தனுப்பினார். அதன் பிறகுதான் கதவு திறந்தது.

தட்டிலுள்ள தண்ணீர்மேல் மாவைவிட மெல்லிய கண்ணாடித் துகள்கள் தோல்போலப் படர்ந்திருக்கும். அதில் கிடக்கும் ஊசியைக் காந்தத்தால் இழுத்து விட வேண்டும். எவ்வளவு இழுத்தால் தோல் அதைத் திருப்பிக் கொண்டுவருகிறது, எங்கே கிழிகிறது என்பதுதான் சோதனை.

கற்பூரம் பட்டதும் அந்தத் தோல் பிளந்து ஓரத்துக்கு ஓடியது.

"ஐயோ, என்னாப்பா பண்ணீங்க! டாக்டர் இப்ப வந்துருவாங்க லா!"

அந்தக் கதவு இனித் திறக்காது என்றே நினைத்தேன்.

அவள் எழுந்து போகவில்லை. குனிந்து பார்த்தாள். துணுக்கு சுழன்று சுழன்று கரைந்தது. விலகிய துகள்கள் மெல்லத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டன. ஊசியை இழுத்தாள். பழைய பிளவிலேயே மறுபடி கிழிந்தது.

"ப்பா, இன்னொன்னு போடுங்க. சின்னதா."

"சாமிக்கு வெச்சதும்மா."

"சாமி கோவிச்சுக்காது. போடுங்க லா!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னை வேலை ஏவுகிறாள். போட்டேன்.

எஸ்டேட் மண்சாலையில் கார் வந்து நின்றது. விரிவுரையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தட்டைப் பார்த்தார். மகள் மூச்சுவிடாமல் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை தட்டருகே குனிந்தபடியே கேட்டார்.

"இதுல அளவு எடுக்க முடியாது, கெட்டுப்போச்சு. ஆனா எப்படிக் கெட்டுச்சுன்னு சொன்னே பாரு, அது போதும். திங்கக்கிழமை லேப்புக்கு வந்துரு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், லேப்புக்கு வர்றப்ப இவளுக்குச் சோறு கட்டிக் குடுங்க. கற்பூரம் மட்டும் வேணாம்."