சுறா பார்க்கப் போகிற மாப்பிள்ளை

என் தங்கை புருஷனைக் கட்டட வேலையில் எல்லோரும் சுறா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவனுக்குப் பெருமை வேறு. அது கேலி என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் அந்தப் பெயரைத் தன் மஞ்சள் தொப்பியின் பின்னால் பெயிண்டால் எழுதிக்கொண்டு திரிவானா?

அவன் சுறாவைப் பார்த்ததில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. கண்ணாடித் தொட்டியில்கூடப் பார்த்ததில்லை. பார்க்கப் போகிறான், அவ்வளவுதான். கல்யாணமான வருஷத்திலிருந்து போகப் போகிறான்.

நான் கிரேன் ஓட்டுகிறவன். உச்சியில் ஒரு கூண்டு, அதில் நான். கீழே நின்று கையால் சைகை காட்டுவது அவன் வேலை. அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் கொக்கியில் என்ன கட்டியிருக்கிறது, யார் குறுக்கே போகிறார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அவன் கைதான் எனக்குக் கண். சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. கட்டைவிரலைக் காட்டினால் எல்லாம் சரி. முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து, என்ன ஆனாலும் அசைக்காதே. வேலையில் அவனைக் குறை சொல்லவே மாட்டேன். ஒரு தடவை இரும்புக் கட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்போது கொத்தனார் ஒருவர் போன் பேசியபடியே அதற்கு நேர் கீழே நடந்து வந்துவிட்டார். கீழே முஷ்டி உயர்ந்தது, மேலே என் கை நின்றது, கொத்தனார் பேச்சை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். கை ஒழுங்கான கை. வாய்தான் ஒழுங்கு கிடையாது.

மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான். லிவ்அபோர்டு மச்சான், லிவ்அபோர்டு என்பான். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கரைக்கே வராமல் ஒரு வாரம் படகிலேயே சாப்பிட்டு, படகிலேயே தூங்கி, முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு படகிலிருந்தே கடலுக்குள் குதிப்பது. இதை அவன் சொல்லும்போது கேட்டால், அந்தப் படகைச் செய்ததே இவன்தான் என்று தோன்றும். கீழ்த்தட்டு அறையா, மேல்தட்டு அறையா? கீழே என்றால் ஆட்டம் குறைவு, மேலே என்றால் காற்று வரும். இதிலேயே ஒரு வருஷம் ஓடியது. அடுத்து, எந்த மாசம்? கடல் அமைதியாக இருக்கும் மாசத்தில் சுறா வராது, சுறா வரும் மாசத்தில் கடல் சும்மா இருக்காது. அது ஒரு வருஷம். அப்புறம், எந்தச் சுறா?

"கரையோரமா சின்னச் சுறா நிறைய வருமாமே, அதையே பாத்துட்டு வாயேன்" என்றேன் ஒரு நாள், பேச்சு முடிந்தால் போதும் என்று.

"ஐயோ மச்சான், அதெல்லாம் நாய்க்குட்டி. பாத்தா கொம்பன் சுறா பாக்கணும். இல்லன்னா புலிச்சுறா."

என்ன திமிர் பாருங்கள். பாத்ரூமில் கரப்பான் பூச்சி வந்தால் என் தங்கையைத்தான் கூப்பிடுவான்.

வீட்டில் இன்னும் மோசம். முன்னறைச் சுவர் முழுக்க ஒரு கடல் வரைபடம். கல்யாணப் போட்டோவைக் கழற்றி அலமாரி மேல் படுக்கப் போட்டுவிட்டு அதை மாட்டியிருந்தான். சாப்பிடும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவான், காதுக்குப் பயிற்சியாம். நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கிக்கொண்டிருப்பான், வெளியே தங்கை குளிக்கக் காத்திருப்பாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை. வந்திருப்பவர்களின் பெயரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். நாள் முழுக்க அவள் கூப்பிட்ட பெயருக்கு யாராவது எழுந்து வருவார்கள். வீட்டில் கூப்பிட்டால் மட்டும் யாரும் வருவதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டே விட்டேன்.

"இந்தக் கூத்தை நீயாவது நிறுத்தக்கூடாதா? நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேளேன்."

"நான் எதுக்குண்ணா நிறுத்தணும்? அவர் போகணும்னுதான் நானும் பாக்கறேன்."

"போகணுமா! உனக்கும் பிடிச்சிடுச்சா?"

அவள் மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தாள். "போனாத்தானே திரும்பி வருவாரு. இப்ப ஆளு இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. நான் பேசினா 'ம்'ங்கறாரு, என்ன பேசினேன்னு கேட்டா முழிக்கறாரு. ஒரு தடவை போய், பாத்து, முடிச்சுட்டு வந்துட்டார்னா எனக்கு என் புருஷன் கிடைச்சுடுவாரு. அது போதும்ணா எனக்கு."

உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் புருஷன் திரும்பி வருவதற்காக என் தங்கை காத்திருக்கிறாள். இந்த மகராசனோ கீழ்த்தட்டா மேல்தட்டா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறான்.

அன்றைக்கே அவனைப் பிடித்தேன். "மாப்ள, ஒண்ணே ஒண்ணு சொல்லு. படகு இருக்கு, மாசம் இருக்கு, சுறா இருக்கு. உனக்கு முங்கத் தெரியுமா?"

"அதுக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கணும் மச்சான். சின்ன விஷயம். கடைசியில பாத்துக்கலாம்."

கேட்டீர்களா? கிரேன் ஓட்டத் தெரியாதவன் எந்த மாடியில் என்ன கல்லைத் தூக்கி வைக்கலாம் என்று வருஷக்கணக்கில் திட்டம் போட்ட கதை.

தங்கை அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே நீச்சல் குளத்தில் முக்குளிப்பு வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். தண்ணீருக்குள் ஜோடியாகத்தான் போக வேண்டுமாம், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள. அதனால் தன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாள். சுறாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. சந்தோஷம் என்று வாய்தான் சொன்னது.

லீவு நாளில் நான்தான் இருவரையும் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். தமாஷ் பார்க்கத்தான் போனேன், பொய் சொல்லுவானேன். அந்த இறுக்கமான ரப்பர் உடையில் பாதி நுழைந்ததுமே அவனுக்கு மூச்சு வாங்கியது. சொல்லிக்கொடுக்கிற பெண் குள்ளமாக, கறாராக இருந்தாள். தண்ணீருக்குள் பேச முடியாது, கைதான் பேச்சு என்று சைகைகளைக் காட்டினாள். இவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். சைகை என்றால் இவன் தொழிலாச்சே.

அங்கேதான் வந்தது வினை. விரலை வட்டமாக மடித்துக் காட்டினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கட்டைவிரலை மேலே காட்டினால் மேலே போக வேண்டும், இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். அவள் படித்துப் படித்துச் சொன்னாள், இவனும் தலையை ஆட்டினான். உள்ளே போனதும் அவள் வட்டம் காட்டி, நன்றாக இருக்கிறாயா என்று கேட்டாள். இவன் கை பழக்கதோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கியது. உடனே மேலே கொண்டுவந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு சார்?"

"ஒண்ணும் ஆகலயே. நல்லாத்தான் இருக்கேன்."

மறுபடி உள்ளே, மறுபடி கட்டைவிரல், மறுபடி மேலே. இப்படியே போனது. நான் கரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடைசியில் தங்கைதான் அவன் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து மடக்கிப் பிடித்துக்கொண்டு, "இதை மட்டும் நீட்டாதீங்க" என்றாள்.

அப்புறம் ஆழமான பக்கம் போனார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது, அடிவரை எனக்குத் தெரிந்தது. தரையில் போய் மண்டியிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சுறாவின் வலது கை தலைக்கு மேலே உயர்ந்தது. முஷ்டி.

அந்தப் பெண் சட்டென்று அவன் சிலிண்டரில் காற்றளவு காட்டும் முள்ளைப் பார்த்தாள். அவர்கள் பாஷையில் முஷ்டி என்றால் காற்று தீரப் போகிறது என்று அர்த்தமாம், பிறகு சொன்னாள். முள் சரியாகத்தான் இருந்திருக்கிறது. தன்னிடமிருந்த இன்னொரு குழாயை அவன் வாயருகே நீட்டினாள். இவன் அதைத் தள்ளிவிட்டான். முஷ்டி இறங்கவில்லை.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த முஷ்டியை எனக்குத் தெரியும். கொத்தனார் தலைக்கு மேல் இரும்புக் கட்டு தொங்கியபோது கீழிருந்து வந்த முஷ்டி அது. எல்லாவற்றையும் நிறுத்து, ஒன்றையும் அசைக்காதே.

"அது காத்து இல்லம்மா! பயம்! மேல தூக்குங்க!" என்று கரையில் நின்று கத்தினேன். தண்ணீருக்குள் யாருக்குக் கேட்கும்? ஆனால் தங்கைக்குப் புரிந்துவிட்டது. சைகைக்காரன் பெண்டாட்டி அல்லவா. அந்த முஷ்டியைத் தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்தபடி, மெதுவாக மேலே கொண்டுவந்தாள்.

மேலே வந்து மூச்சு வாங்கி முடித்ததும் ஐயா சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "சிலிண்டர்ல ஏதோ கோளாறு மச்சான்."

"கோளாறு சிலிண்டர்ல இல்லடா. போய்த் தலையைத் துவட்டு."

அதற்குப் பிறகு அவன் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. முதலில் காதுவலி என்றான், அப்புறம் சைனஸ் என்றான். ஆனால் தங்கை அன்றைக்கே திரும்ப உள்ளே இறங்கினாள். வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மேலே வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"அண்ணா, அங்க யாரும் யாரையும் கூப்பிடறதில்ல. நானும் யாரையும் கூப்பிட வேண்டாம். எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

ஏதோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். அவளோ குளத்தை முடித்து, கடலில் பயிற்சியும் முடித்து, சர்டிபிகேட்டோடு வந்து நின்றாள்.

மாப்பிள்ளைக்கு வெட்கம் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதெல்லாம் வந்தால் அவன் ஏன் சுறா? அவளுக்காகத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டான். இந்தத் தடவை எல்லாம் மளமளவென்று நடந்தது. மேல்தட்டு அறைதான் நல்லது என்று ஒரே நாளில் தெரிந்துவிட்டது. மாசம் குறித்தான், புதிதாகக் கற்றவர்களையும் ஏற்றிக்கொள்ளும் படகைக் கண்டுபிடித்தான், பையைக்கூட அவனே அடுக்கினான். தான் குதிக்க வேண்டியதில்லை என்றால் மனுஷனுக்கு எவ்வளவு சுறுசுறுப்பு!

அவள் போனாள். படகு கரையை விட்டதும் போன் அடங்கிவிட்டது. அன்று சாயங்காலமே இவன் என் வீட்டு வாசலில் நின்றான்.

"மச்சான், ஏதாவது தகவல் வந்துச்சா?"

"நடுக்கடல்ல சிக்னல் கிடையாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தவனே நீதானேடா."

"ஆமா. சொன்னேன்." நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "ஆனா வீட்டுல இருக்கறவங்களுக்கு இப்படி இருக்கும்னு தெரியல மச்சான். கூப்பிட்டுப் பாக்கறேன், சத்தமே இல்ல."

"தெரியலயா? இத்தனை வருஷமா அவ அப்படித்தானேடா இருந்தா. உன்னை எதிர்லயே வெச்சுக்கிட்டு!"

என் வாய் சும்மா இல்லாமல், அவள் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். போனால்தானே திரும்பி வருவார் என்று சொன்னாள் என்றேன். சுறா முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் முன்னறைச் சுவரில் வரைபடம் இல்லை. கல்யாணப் போட்டோ தூசி துடைத்து, பழைய ஆணியிலேயே தொங்கியது. சமையல் கற்றுக்கொண்டிருந்தான். விரலில் கட்டு.

"அவ வந்ததும் இதெல்லாத்தையும் விட்டுடறேன் மச்சான். வீட்டுலயே இருக்கப் போறேன். அவ பேசப் பேசக் கேட்டுட்டே இருக்கப் போறேன்."

எனக்கே கொஞ்சம் மனசு இறங்கியது. என் தங்கை ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, யார் கடலுக்குப் போனால் என்ன என்று நினைத்துக்கொண்டேன். பார்த்தீர்களா, நானும் முட்டாள்தான்.

அவள் வந்தாள். கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, சிரித்த முகமாக வந்தாள். இவன் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு, "சுறா பாத்தியா? எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

"பாத்தேன். கிட்ட வந்துச்சு. என்னைப் பாத்துச்சு. போயிடுச்சு."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க" என்றாள். அதற்கு மேல் அவன் எவ்வளவு குடைந்தும் ஒன்றும் வரவில்லை.

போன வாரம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவனே சமைத்திருந்தான், உப்பு கொஞ்சம் தூக்கல். மூன்று தட்டு வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டான். அவள் ஜன்னலோரம் போனோடு உட்கார்ந்திருந்தாள்.

"ம்" என்றாள்.

"ஆறிடும்மா. வா."

"ம். இந்தப் புலிச்சுறா வர்ற பக்கம் எந்த மாசம் காத்து கம்மின்னு பாத்துட்டிருக்கேன். நீங்க சாப்பிடுங்க."

அவன் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

நேற்று வேலையில் கொக்கியை வெறுமனே திருப்பிக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். கீழே முஷ்டி உயர்ந்தது. என் கை தானாக நின்றது. எட்டிப் பார்த்தேன். கொக்கியில் ஒன்றும் இல்லை, கீழே யாரும் குறுக்கே போகவில்லை. அவன் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றான். வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"என்னடா? யாருடா கீழ?"

இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"யாருமில்ல மச்சான். அவ மறுபடி லீவு கேட்டுட்டா."

முஷ்டி இறங்கவில்லை. நானும் கிரேனை அசைக்கவில்லை.