கைமாற்றிப் போட்ட தளம்

எங்கள் சர்ச்சின் பங்கு மையத்துக்கு இன்னும் முன்பக்கப் பூச்சு முடியவில்லை. மாடியில் மறைக்கல்வி வகுப்புக்கான அறைகளுக்குச் சன்னல் வந்துவிட்டது, கதவு வரவில்லை. ஆனாலும் ஆரணிக்கு வருகிற உறவுக்காரர் யாரையும் நான் அதைக் காட்டாமல் பஸ் ஏற்றிவிடுவதில்லை. "கோயிலக் காட்டறதுக்கு முன்னாடி ஹாலக் காட்டறா இவ" என்று என் கணவர் கிண்டல் செய்வார். செய்யட்டும். அந்த ஹாலுக்கு மேல்தளம் எப்படி ஏறியது என்று அவருக்கும் தெரியும்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பிறந்தது சேத்துப்பட்டு ரோட்டில் ஒரு காலனியில். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நட்டு, களை எடுத்து, அறுத்து எங்களை வளர்த்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பேச்சு உண்டு. அந்த வாயால்தான் எல்லாமே தொடங்கியது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை, தை மாதம்தான் லீவு. அதைத் தாண்டினால் சாம்பல் புதன் வந்துவிடும். தவக்காலம் முழுக்க எங்கள் கோயிலில் தாலி ஏறாது, ஈஸ்டர் கழிய வேண்டும். அதற்குள் மாப்பிள்ளை திரும்பிப் போய்விடுவார். ஆகவே பங்குச் சாமியாரிடம் பேசித் தேதியை உறுதி செய்துகொண்டு, டவுனில் ஒரு மண்டபத்துக்குப் போனேன். மேனேஜர் நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"எந்த ஊருங்க?" என்றார். சொன்னேன்.

"ஊர்லயா, காலனிலயாங்க?" என்றார். அதையும் சொன்னேன்.

"அந்தத் தேதி புக்காயிடுச்சிங்க" என்றார். நான் அப்போது தேதியையே சொல்லியிருக்கவில்லை.

எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. "பரவால்லீங்க. எங்க சர்ச்சுல நாங்களே ஹால் கட்டிகினு இருக்கறோம். அதுலதான் வெக்கப்போறோம். உங்களுக்கும் பத்திரிகை வரும், வந்து சாப்ட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினேன். பாதி வழியில்தான் உறைத்தது. அன்றைக்கு எங்கள் பங்கு மையம் என்பது வானத்தைப் பார்த்துக் கம்பி நீட்டிக்கொண்டிருந்த தூண்களும் நாலு பக்கச் சுவரும் மட்டும்தான்.

விஷயத்தைக் கேட்டு மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். "எதுக்கும்மா இவ்ளோ பேஜாரு? இங்க ஏசி ஹால் எத்தினி இருக்குது, ஒண்ணு பாத்துக்கலாம்" என்றாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஊரில் இடம் தரவில்லை என்று ஊரைவிட்டு ஓடிப்போய் என் மகளுக்கு விருந்து வைப்பதா? முடியாது என்றேன்.

ஆனால் வீம்பு வந்து தளம் போட்டுத் தருமா? அந்த வருஷம் மழை விடாமல் பிடித்தது. தீபாவளி போய்க் கார்த்திகையும் வந்துவிட்டது. சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயாராக மழையில் நனைந்துகொண்டிருந்தது. தளம் போட்டுப் பலகை பிரிக்க மூன்று வாரம், பிறகு தரை, மின்சாரம். மேஸ்திரி கைவிரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்து, "இந்த வாரம் போட்டாதாம்மா உன் பொண்ணு கல்யாணம் இங்க" என்றார். ஒரு நாள் சாயங்காலம் வானம் வெளுத்தது. "நாளைக்குப் போட்டுடுவோம்" என்று சாமியார் சொன்னார். எல்லாக் கிராமங்களுக்கும் போன் பறந்தது.

நாங்கள் நல்ல நாள், கெட்ட நாள் பார்ப்பதில்லை. அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமைதான் மறுநாள் காலை எங்களை மாட்டிவிட்டது.

விடிந்ததும் போய்ப் பார்த்தால், தெரு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தறியில் ஏற்றுவதற்கான நீள இழைகள், பட்டுப் பாவு. கோயில் தெருவில் எங்கள் சர்ச்சைத் தவிர எல்லாம் நெசவு வீடுகள். மழை விட்ட முதல் நாள், அதோடு முகூர்த்த நாளும்கூட. தை மாதக் கல்யாணப் புடவைகளுக்கான பாவுகளை மூங்கில் கவைகளின் மேல் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்கள். மயில்கழுத்துப் பச்சையும் அரக்குமாகத் தெருவே கண்ணைப் பறித்தது. அழகுதான், ஆனால் ரசிக்கிற நிலையில் நான் இல்லை. லாரி திரும்பாத தெரு என்பதால் ஜல்லி, மணல், சிமெண்ட், கலவை மிஷின் எல்லாம் தெருமுனைக் காலி மனையில் கிடந்தன. அங்கே கலந்து டிராக்டரில் கொண்டுவந்து கொட்டுவதாக ஏற்பாடு. டிராக்டர் எதன் மேல் போகும்?

கோயிலுக்குப் பக்கத்து வீட்டம்மா கையில் கஞ்சித் தூரிகையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, நீங்க காலண்டர் பாக்கலியா? இன்னிக்கித் தெருவே பாவு போடும்னு தெரியாதா? கஞ்சி ஏத்தியாச்சும்மா, இனிமே நடுவுல எடுக்க முடியாது. வெயில் ஏறனதும் சுருட்டிடுவோம்."

வெயில் ஏறும்வரை காத்திருந்தால் பொழுதுக்குள் தளம் முடியாது. பாதியில் நிறுத்தினால் ஒட்டு விழும், காலத்துக்கும் அந்த ஒட்டில் ஒழுகும். "நாளைக்கு மிஷின் வந்தவாசி போவுது. இன்னிக்கி விட்டா கிறிஸ்துமஸ் கழிச்சிதான்" என்று மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த மண்டபத்து மேனேஜர் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

தளம் போடும் முன் சொல்லும் மந்திரிப்புச் செபத்துக்காகக் கிராமங்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருந்த பெண்கள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள். "ஏரி வேலைல மண்ணு கைமாத்தறோம் இல்ல? அதே மாதிரி கைமாத்திட வேண்டியதுதான். தெரு ஓரமா நிக்கறதுக்கு எடம் இருக்குதே" என்றாள். மேஸ்திரி சிரித்தார். ஆனால் எல்லோரும் அதற்குள் எழுந்துவிட்டார்கள். நூறு நாள் வேலையில் வருஷக்கணக்காகச் சேர்ந்து நின்று பழகிய கைகள். யார் யாருக்கு அடுத்து நிற்பது என்றுகூட யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தெருமுனையிலிருந்து கட்டிடத்து ஏணிவரை கண் மூடித் திறப்பதற்குள் வரிசை நின்றது. நானும் நின்றேன். வேடிக்கை பார்க்க லீவு போட்டு வந்திருந்த மகள், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எனக்கு அடுத்து வந்து நின்றாள்.

முதல் கலவைச் சட்டி வருவதற்குள் பக்கத்து வீட்டம்மா வீட்டுக்குள்ளிருந்து போர்வைகளை அள்ளிக்கொண்டு வந்து, எங்களுக்கும் பாவுக்கும் நடுவில் கட்டத் தொடங்கினார். எனக்குச் சுருக்கென்றது. "எங்கள மறைக்கறீங்களா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் என்னைவிடக் கோபக்காரர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "உங்கள எதுக்கும்மா மறைக்கப்போறேன்? சிமெண்ட் ஒரு சொட்டு தெறிச்சா பாவு போச்சு. வாயப் பேசாம அந்த முனையப் புடி" என்றார். பிடித்தேன்.

சட்டிகள் வரத் தொடங்கின. கொஞ்ச நேரம் தாளம் சேரவில்லை, நடுவில் இரண்டு சட்டி கவிழ்ந்தது. அப்போது தெருமுனையில் யாரோ ஜெபமாலையை ஆரம்பித்தார்கள். 'மரியாயே' செபத்தின் முன்பாதி அந்த முனையிலிருந்து, பின்பாதி ஏணிப் பக்கத்திலிருந்து. முன்பாதிக்கு வாங்குவது, பின்பாதிக்குக் கொடுப்பது என்று தானாகவே அமைந்துவிட்டது. பிறகு ஒரு சட்டியும் தடுமாறவில்லை. போர்வைக்கு அந்தப் பக்கம் நெசவுக்காரர்கள் இழை முடிந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் மரியாயே என்றபடி எங்கள் தளம் கை கையாக நடந்து போய்க்கொண்டிருந்தது. தோள் பிய்ந்து விழுகிற மாதிரி வலித்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

வெயில் ஏறிப் பாவுகளைச் சுருட்டியதும் டிராக்டர் உள்ளே வந்தது. "போதும், எல்லாரும் ஒக்காருங்க" என்றார் மேஸ்திரி. ஒருத்தியும் உட்காரவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார். மேடை வருகிற பக்கத்துத் தளம் எங்கள் கைக்கு, மற்றது டிராக்டருக்கு என்று பேசி முடித்தோம். நெசவு வீடுகளிலிருந்து குடம் குடமாக மோர் வந்தது. பொழுது சாய்வதற்குள் ஒட்டு விழாமல் தளம் நிறைந்தது. மகளின் விரல் நுனிகளைச் சிமெண்ட் தின்றிருந்தது. வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, "அம்மா, ஹால் இங்கியே இருக்கட்டும்" என்றாள்.

பலகை பிரித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மேஸ்திரி போன் செய்து, "ஒரு பொட்டு ஒழுகல் இல்லம்மா" என்றார். சாம்பார் கொதிக்கிற அண்டாவுக்கு முன்னால் நின்றுகொண்டு அழுதேன். சமையல்காரம்மா புகை என்று நினைத்துக்கொண்டார்.

தை மாதம் கோயிலில் தாலி ஏறி, ஊர்வலமாக ஹாலுக்கு நடந்தோம். தரை போட்டிருந்தது, விளக்கு எரிந்தது, பூச்சு மட்டும் இல்லை. பக்கத்து வீட்டம்மா குடும்பத்தோடு வந்து முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மேடையில் அலங்காரக்காரர் ஏணி போட்டு ஏறி, பூசாத தளத்தை மறைக்கத் தங்க நிறத் துணி கட்டிக்கொண்டிருந்தார். என் மகள் கூரைப்புடவையோடு மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணா, அந்தத் துணிய அவுத்துடுங்க. தளம் தெரியட்டும்."

"போட்டோல நல்லாருக்காதும்மா. பலகை அச்சுல்லாம் தெரியும்."

"தெரியட்டும்ணா. அது நாங்க போட்டது."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஏணியையும் பிடித்துக்கொண்டேன். துணி இறங்கியதும், பந்தியில் இருந்த எங்கள் பெண்கள் சோற்றில் வைத்த கையோடு நிமிர்ந்து மேலே பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில், மணமக்களுக்கு மேலே அந்தச் சாம்பல் நிறத் தளம்தான் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஸ்டூடியோக்காரர் அதை வெட்டிவிடலாம் என்றார். ஒரு நூல்கூடக் குறையக் கூடாது என்று சொல்லிப் பெரிதாகப் போடவைத்தேன்.