குளிரக் குளிரக் கிளம்புதல்

காலையில் வீட்டுக் கதவைச் சாத்தும்போது எனக்கு உடம்பு நடுங்க வேண்டும். நடுங்காவிட்டால் ஏதோ தப்பாக உடுத்தியிருக்கிறேன் என்று பொருள். நெதர்லாந்தின் வடக்கே, க்ரோனிங்கன் என்ற இந்தச் சைக்கிள் ஊரில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை, மேலே காற்றை மட்டும் தடுக்கிற லேசான ஜாக்கெட், கையுறை, காதை மூட ஒரு பட்டை. அவ்வளவுதான். குற்றாலத்தை ஒட்டிய இலஞ்சியில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய அநியாயமாகத் தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிருக்குப் போர்த்துவார்களா, குளிரட்டும் என்று விடுவார்களா?

வந்த புதிதில் நான் நம்மூர் முறைப்படிதான் கிளம்பினேன். பருத்திச் சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் தடித்த கோட்டு, கழுத்தில் மஃப்ளர். ஊருக்கு வெளியே ஒரு பால் பரிசோதனைக்கூடத்தில் வேலை. வாய்க்காலோரமாக அரை மணி நேரம் மிதிக்க வேண்டும். ஒருநாள் பக்கத்து வீட்டு அன்னெக என் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இதைக் கழற்று” என்றாள். முன்பின் பழகாத ஒருத்தி தெருவில் நின்று கழற்று என்றால் நமக்கு எப்படி இருக்கும்! கோட்டின்மேல் ஆசைப்பட்டுக் கேட்கிறாளோ என்றுகூட நினைத்தேன். “நோ, நோ, இது என்னுடையது” என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் திருதிருவென்று விழித்துவிட்டுப் போய்விட்டாள். பாதி வழியில் உள்ளெல்லாம் வியர்த்து ஊற்றியது. வேலைக்கு உட்கார்ந்ததும் அந்த ஈரம் சில்லென்று முதுகோடு ஒட்டியது. ஒரு வாரத்தில் இருமல் வந்தது. அப்புறம், பல வருடமாக மறந்திருந்த விசில் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு நான் சின்ன வயதிலிருந்தே பயந்தவள். எனக்கு மூச்சிளைப்பு. ஆனி பிறந்து செங்கோட்டைப் பக்கமிருந்து காற்றும் சாரலும் இறங்கினால் எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்து வந்து குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுப்பார்கள். பக்கத்திலேயே இருந்த நான் மட்டும் பழுப்பு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாகச் சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அடிக்கொரு தரம் என் முதுகில் காதை வைத்துக் கேட்பாள். நெஞ்சு சத்தம் போடாத நாளில்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

வீடியோவில் இருமலைக் கேட்டதுமே அவள் முகம் மாறிவிட்டது. “இன்னொரு ஸ்வெட்டர் போடுட்டி” என்றாள். போட்டேன். இன்னும் வியர்த்தது, இன்னும் இருமினேன். “வேலையும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். பொங்கலுக்குள்ள வந்துரு. கேக்கியா?” என்றாள். எனக்கோ அந்த வேலை ஆசைப்பட்டு வாங்கியது. விட மனசே இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு அன்னெகவின் கதவைத் தட்டினேன். அவள் தன் மகளுடைய கம்பளிச் சட்டை ஒன்றைக் கொடுத்து, “முதல் பத்து நிமிடம் குளிரணும். அப்புறம் உன் கால்கள் பார்த்துக்கொள்ளும்” என்றாள். பார்த்துக்கொண்டன. மெல்ல மெல்ல விசில் அடங்கிப்போனது. காதை மூடித்தான் ஆகணும் என்று சின்ன வயதிலிருந்தே அம்மா சொன்னது மட்டும் சரி. அங்கே எதையும் குறைக்க முடியவில்லை. ஆனால் அம்மா நம்பவில்லை. “என் மனசுக்காகச் சொல்லுத” என்றாள். பொங்கல் போனது. தினமும் ஒரே கேள்வி, எப்ப வாரே?

அவளை நம்பவைக்கத்தான் இந்த வருடம் சாரல் நேரமாகப் பார்த்து ஊருக்குப் போனேன். விடிந்ததும் சித்தி மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அந்த மெல்லிய ஜாக்கெட்டோடு வாசலில் நின்றேன்.

“குற்றாலம் போயிட்டு வாரேம்மா.”

“ஏட்டி, நடுங்குதியே!”

“நடுங்கணும்மா.”

என்னைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் காதைச் சுற்றிக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். “போ. நானும் பாக்கேன்.”

எதிர்க்காற்று. மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. வயல்கள் சாரல் மூட்டத்துக்குள் பச்சையாக மிதந்தன. அதே சாம்பல் வெளிச்சம், அதே நனைந்த பசுக்கள். நான் மிதிப்பது இலஞ்சி ரோட்டிலா, வாய்க்கால் கரையிலா என்று கொஞ்ச நேரம் எனக்கே விளங்கவில்லை. “என்னம்மா, அம்மையக் கடத்திட்டுப் போறியோ?” என்று டீக்கடை அண்ணாச்சி கேட்டதும்தான் இலஞ்சிக்கு வந்து சேர்ந்தேன். அப்போது என் முதுகில் ஒரு காது வந்து பதிந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. கேட்கட்டும் என்று இன்னும் வேகமாக மிதித்தேன். அம்மா வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை. பிறகு ஜாக்கெட்டுக்குள் கையை விட்டாள். “சுடுதுட்டி முதுகு!” என்றாள். சொல்லும்போதே அவள் பற்கள் தந்தியடித்தன. சைக்கிளை நிறுத்திவிட்டேன். அவள் கைகள் விறைத்திருந்தன.

“ஓட்டுறவளுக்குக் குளிராதும்மா. சும்மா பின்னால உக்காந்திருக்கவங்களுக்குத்தான் குளிரும்.”

“அப்ப எனக்குக் குளிருனதுக்குத்தான் ஒன்னையப் போத்திப் போத்தி வச்சேனாட்டி?” என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டேன். அருவிக்கரையில் அவளே என் தோளைப் பிடித்துத் தள்ளினாள்: “போ, தலையக் குடு.”

ஜாக்கெட் அவளிடமே தங்கிவிட்டது. இங்கே க்ரோனிங்கனுக்குத் திரும்பி வேறொன்று வாங்கிக்கொண்டேன். இப்போது காலையில் போனில் பார்த்தால், இலஞ்சி வீட்டில் தலைக்கு மேலே ஃபேன் ஓட, அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“குளிருதாட்டி?”

“குளிருதும்மா.”

“அப்ப சரி. கெளம்பு.”

பத்து நிமிடத்தில் எனக்குச் சூடு ஏறிவிடுகிறது. பின்னால் கேரியர் காலியாகத்தான் வருகிறது. இருந்தாலும் வாய்க்கால் திருப்பத்தில், ஆள் உட்கார்ந்திருப்பதுபோல மெதுவாகத்தான் திரும்புகிறேன்.