பன்னிரண்டு பெர்சென்ட்தானே!

போன மாதம் ஒரு மதியம். பக்கத்து வீட்டு மாரியப்பன் சிவகாசி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். அவன் மனைவி பேச்சியம்மாள் வேலை பார்க்கும் நாரணாபுரம் பட்டாசு ஆலையில் தீ. புகை மண்டிய அறையிலிருந்து அவளை இழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எம்புட்டு பெர்சென்ட்?"

எங்கள் பக்கம் அப்படித்தான். தீக்காயம் என்றாலே, உடம்பில் எத்தனை சதவீதம் வெந்தது என்றுதான் விசாரிப்போம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது... வெட்கக்கேடு!

பன்னிரண்டு என்றான். தெருவே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நன்றாகப் பேசினாள், காபி கேட்டாள். வார்டில் கிடக்கும் மற்றவர்களைப் பார்த்துப் பயந்து, வீட்டுக்குப் போகலாம் என்று அழுதாள். மாரியப்பன் ஆஸ்பத்திரிச் சீட்டை என்னிடம் நீட்டினான்.

"நீங்க இங்கிலீசு படிச்சவுக. பாத்துச் சொல்லுங்கண்ணே."

பார்த்தேன். பன்னிரண்டு பெர்சென்ட். அதற்குக் கீழே 'இன்ஹலேஷன் இன்ஜுரி' என்று கிறுக்கியிருந்தது. மூச்சோடு கொஞ்சம் புகை போயிருக்கும், இருமினால் சரியாகிவிடும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, சின்னக் காயம்தான், பயப்படாதே என்றேன். பெரிய மேதாவி!

டாக்டர் என்ன செய்தார்? கூட்டிப்போகக் கூடாது என்று மட்டும் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. மீறிப் போனால் பொறுப்பு உங்களுடையது என்று ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டார். அதுவும் இங்கிலீஷ். மாரியப்பன் போட்டுக் கொடுத்தான். வேன் பிடித்து அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

வேன் திருத்தங்கலைத் தாண்டவில்லை — அவள் குரல் கரகரத்தது. அப்புறம் மூச்சு இழுத்தது. அலறியடித்துக்கொண்டு திரும்பினோம். தொண்டைக்குள் குழாய் இறக்கித்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

ஒரு நர்ஸம்மாதான் விளக்கினார். பெர்சென்ட் என்பது மேல்தோலுக்கு மட்டும் போடுகிற கணக்காம். சூடான புகை உள்ளே போனால் தொண்டை வெந்து, சில மணி நேரம் கழித்துக்கூட வீங்கி மூச்சை அடைக்குமாம். அது அந்தக் கணக்கில் வராது. இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

டாக்டரிடமே கேட்டேன்.

"அதான் எழுதியிருக்கோமே சார்."

யாருக்கு எழுதினீர்கள் ஐயா? கம்பி மத்தாப்புப் பெட்டியில்கூட எப்படிப் பிடிக்க வேண்டும் என்று தமிழில் அச்சடிக்கிறோம். ஒரு மனுஷியின் உயிர் தொங்குகிற சீட்டில் ஒரு வரி தமிழ் எழுதினால் கை வலிக்குமா?

இந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான். 'இது என்ன டாக்டர்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் கௌரவம் குறைந்தா போயிருக்கும்?

பேச்சியம்மாள் பிழைத்துவிட்டாள். குழாயையும் எடுத்துவிட்டார்கள். குரல்தான் இன்னும் வரவில்லை. நேற்று மாரியப்பன் மெதுவாகக் கேட்டான்.

"குரலு எம்புட்டு பெர்சென்ட்ணே திரும்பும்?"

"எனக்குத் தெரியாதுப்பா" என்றேன்.

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது.