கருப்பட்டிப் பத்தியம்

மருந்து கலக்குவது சுலபம். நோயாளியைத் தினமும் நடக்கவைப்பதுதான் கம்பவுண்டருக்கு உயிர் போகிற வேலை. வீட்டில் யாருக்காவது பத்தியம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவரா நீங்கள்? வாருங்கள், நம்ம கட்சிதான். அறுபதுகளில் நான் பம்பாய்த் தாராவியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன்.

சீனியா, மூச்!

மளிகைக் கடை தங்கச்சாமி அண்ணாச்சி பாதம் எரிகிறது என்று வந்தார். சர்க்கரை வியாதி. "மாத்திரை மட்டும் போறாது ஓய். இனிப்பை நிறுத்தும். தினம் பக்கத்துப் பேட்டை மாட்டுங்கா வரைக்கும் நடந்துட்டு வாரும். இல்லேன்னா ஒருநாள் காலையே வெட்டி எடுக்க வேண்டிவரும்" என்றார் டாக்டர். அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது.

அப்போதெல்லாம் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்ப்போம். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறமானால் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. ஒரு மாதம் கழித்தும் அண்ணாச்சிக்குச் செங்கல்தான். குடைந்து கேட்டேன். சீனியைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லையாம். காப்பிக்குக் கருப்பட்டி! நாளைக்கு ஆறு தம்ளர்! நான் தலையில் அடித்துக்கொண்டதும் வந்ததே அவருக்குக் கோபம். "சீனி மில்லுல செய்யுதது வே. கருப்பட்டி நம்ம பனையில்லா? அது எப்படி வே நம்மளக் கெடுக்கும்?"

மாட்டுங்கா வரை

கருப்பட்டி ஒருவழியாகக் குறைந்தது. நடைக்குத்தான் தினம் ஒரு சாக்கு. ஞாயிறு சரக்கு வருகிறது, திங்கள் மழை, செவ்வாய் குறுக்கே பூனை. ஒருநாள் விடிகாலையில் நானே போய் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். நன்றாகத்தான் நடந்தார். மாட்டுங்கா வந்ததும் விறுவிறுவென்று ஓட்டலுக்குள் நுழைந்து ரெண்டு ஜாங்கிரி கேட்டார். "அட பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். "இம்புட்டுத் தூரம் நடந்து கரைச்சாச்சுல்லா? காலியான எடத்துலதான வே போடுதேன்!"

இரவல் பாட்டில்

அடுத்த தடவையும் சிவந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணாச்சியோ சிரித்த முகமாக வந்து சிறுநீர்ப் பாட்டிலை நீட்டினார். காய்ச்சினேன். பச்சை, மஞ்சள் எல்லாம் தாண்டி, அவருக்கே இதுவரை வராத செங்கல்! டாக்டர் சீட்டு எழுதப் பேனாவை எடுத்ததும் அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கே பாவமாகிவிட்டது. "ஐயா, அது என்னோடது இல்லய்யா, எம் பொண்டாட்டியோடது. அவளுக்கு ஒண்ணுமில்லன்னுல்லா நெனச்சேன்!"

ஜோடி நடை

மறுநாள் மதினியை நேரில் வரவழைத்துச் சோதித்தோம். அவருக்கும் சர்க்கரைதான், அதே மாத்திரை, அதே நடை. அதற்கப்புறம் மழையாவது, பூனையாவது! ரெண்டு பேரும் தினமும் காலையில் மாட்டுங்கா போய்த் திரும்புவார்கள். ஓட்டல் பக்கம் அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பல மாதம் கழித்து ரெண்டு பேர் குழாயும் நீலமாகவே நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நாள்கூட மட்டம் போடாமல் எப்படி அண்ணாச்சி என்று கேட்டேன். "எங்காலு போனா கட்டைய ஊணிக்கிடுவேன் வே. அவ காலு போனா நான் எங்க வே போவேன்?"

டாக்டர் மாசக்கணக்கில் தொண்டை வறளச் சொல்லியும் நகராத மனுஷன், ஒரே ஒரு திருட்டுப் பாட்டிலால் ஆயுசு முழுக்க நடந்தார்.