நாற்பத்தேழாம் நம்பர்

பதினெட்டு வருஷம் ஒரே தொழிலைச் செய்து பேர் வாங்கியவன், ஒரே ஒரு பதிலில் அத்தனையையும் தொலைக்க முடியுமா என்று கேட்டால், முடியும். நம் ஆள் தொலைத்தான். பொய் சொல்லித் தொலைக்கவில்லை, திமிராகப் பேசித் தொலைக்கவில்லை. மரியாதையாகப் பேசித் தொலைத்தான்.

அவன் வெல்டர். குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் ஆர்கான் வெல்டிங் போடுகிறவன். இரண்டு குழாய்களின் வாயையும் சீவி, நடுவே தீக்குச்சி கனத்துக்கு இடைவெளி விட்டு, உலோகம் உள்பக்கமும் உருகிச் சேரும்படி கம்பியை ஊட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் யார் போட்டதும் அழகாகத்தான் இருக்கும். உள்ளே ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதை எக்ஸ்ரே படம்தான் சொல்லும். இவன் போட்ட ஜாயிண்டுகளின் படங்களை, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே பழைய கம்பெனியில் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகுதான் அவன் வெளிநாட்டுக்குக் கிளம்பினான். அப்போது வயது முப்பத்தொன்பது.

ஏஜெண்ட் சொன்ன விஷயம் ஒன்றுதான் அவனை இழுத்தது. தொழில் தெரிந்தவன் என்ற தரத்தில் சேர்த்துக்கொண்டால் மனைவி, பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம். ஹெல்பர் என்று சேர்த்தால் ஒண்டிக்கட்டையாகத்தான் கிடக்க வேண்டும். "எனக்கென்ன, மூணு மாசத்துல உங்களைக் கூப்பிட்டுக்குவேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தான். அவளும் ஒன்பது வயது மகளும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவனுடைய அண்ணன் வீட்டு மாடி அறைக்குப் போனார்கள். மூன்று மாதம்தானே!

நேர்காணல் ஒரு தகரக் கொட்டகை ஆபீசில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் அந்த நாட்டு இன்ஜினியர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண். அங்கேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசிய தமிழ் மிச்சம் இருந்ததால் அந்த வேலைக்கு அவளை வைத்திருந்தார்கள்.

"பைப் வெல்டிங் உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு கேக்குறார்" என்றாள்.

நாற்காலி இருந்தும் அவன் உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "ஏதோ கொஞ்சம் கைவேலை தெரியும் மேடம். சார் மாதிரி பெரியவங்க பார்த்துச் சொல்லிக் குடுத்தா கத்துக்குவேன்" என்றான்.

நம்மில் யாராவது மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தால், ஆள் கைதேர்ந்தவன்தான் என்று அந்த நிமிஷமே நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம். எனக்கு எல்லாம் தெரியும் என்று மார்தட்டுகிறவனைத்தானே நாம் சந்தேகப்படுவோம்? அந்தப் பெண் பாவம், உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தாள். கொஞ்சம் தெரியுமாம், சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வாராம். இன்ஜினியர் காகிதத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்தார். அவனுக்குப் பின்னால் நின்றவன் இரண்டு வருஷம் இரும்பு கேட் பற்ற வைத்தவன். "எல்லாம் வரும்" என்றான். அவனை டெஸ்டுக்கு அனுப்பினார்கள். நம் ஆளின் கையைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவன் வாயே தீர்ப்பு எழுதிவிட்டது.

நான்கு நாள் கழித்துக் கையில் ஹெல்பர்கள் பிடிக்கிற கிரைண்டிங் மெஷினைக் கொடுத்தபோதுதான் அவனுக்கு விஷயமே புரிந்தது. ஆபீசுக்கு ஓடினான். ஒரு வருஷம் கழித்து மறு நேர்காணல் உண்டு, அதுவரை ஹெல்பர்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

போனில் கேட்டதும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கும் இப்படித்தான், ஏதோ கொஞ்சம் தெரியும்னு சொன்னீங்க. பையன் எங்கயோ எடுபிடி வேலை பாக்குறான் போலன்னு எங்கப்பா ஒரு வாரம் பதிலே சொல்லல. எங்க மாமா போய் விசாரிச்சுட்டு வந்து சொன்னதாலதான் கல்யாணமே நடந்துச்சு. அங்க உங்களுக்கு எந்த மாமா இருக்காரு?"

அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இங்க ஏழு பேருக்கு நான்தான் சமைக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. நம்ம பொண்ணு ஒரு ஃபேன் போடணும்னாலும் பெரியம்மா முகத்தைப் பார்த்துட்டுப் போடுறா. ஒரு வருஷம்னா ஒரு வருஷம். அதுக்கு மேல என்னால முடியாதுங்க."

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போனிலேயே அவனுக்குப் பயிற்சி நடந்தது. "எங்க, சொல்லுங்க பார்ப்போம். எனக்கு நல்லா வரும்." "எனக்கு... நல்லா வரும்." "யாரையோ திட்டுற மாதிரி சொல்லாதீங்க. நிமிர்ந்து சொல்லுங்க." போனில் நிமிர்ந்திருக்கிறானா குனிந்திருக்கிறானா என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ!

அவனை ஒரு வயதான வெல்டரிடம் ஹெல்பராகப் போட்டிருந்தார்கள். எல்லோரும் அவரைக் கண்ணாடி அண்ணன் என்பார்கள். தடித்த கண்ணாடி, ஐம்பத்தாறு வயது. அறையில் அவருக்குக் கீழ்க் கட்டில், இவனுக்கு மேல் கட்டில். காற்றடித்தால் உருகுகிற இடத்தை மூடியிருக்கிற ஆர்கான் கேஸ் கலைந்து வெல்டிங் கெட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு ஜாயிண்டையும் சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு உள்ளே இருந்துதான் வேலை செய்ய வேண்டும். கண்ணாடி அண்ணன் வெல்டிங் போடுவார். இவன் சிலிண்டரை உருட்டுவான், ஒயரை இழுப்பான், தேய்ப்பான், பெருக்குவான். வேலை முடிந்ததும் குழாயின் மேல் பெயிண்ட் சாக்பீஸால் அவர் தன் வெல்டர் நம்பரை எழுதுவார். நாற்பத்தேழு. எந்த ஜாயிண்ட் யார் போட்டது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

நாலாவது மாதம் ஒரே வாரத்தில் அவருடைய ஜாயிண்டுகள் மூன்று எக்ஸ்ரேயில் மண்ணைக் கவ்வின. இன்னும் ஒன்று போனால் அவர் லைசென்ஸ் போய்விடும். மறுநாள் காலை தார்ப்பாய்க்குள் போனதும் அவர் மாஸ்க்கைக் கழற்றினார்.

"தம்பி, எனக்கு இடது கண்ணுல புரை விழுந்திருக்கு. வலது கண்ணும் பின்னாடியே வருது. உருகுற இடமே தெரியல. சத்தத்தை வெச்சுக் குத்துமதிப்பா போட்டுக்கிட்டு இருக்கேன்."

"லீவு போட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்துடலாமே அண்ணே?"

"போனா திரும்பி வரும்போது மெடிக்கல் எடுக்கணும். ஐம்பத்தாறு வயசுக்காரனை, அறுத்த கண்ணோட எவன் உள்ள விடுவான்? பையன் படிப்பு முடிய ஒன்றரை வருஷம் இருக்கு. அதுவரைக்கும்..." மேலே சொல்லாமல் வெல்டிங் டார்ச்சை நீட்டினார். "இந்த ஒண்ணை மட்டும் நீ போட்டுடு."

இரக்கப்பட்டு வாங்கினான் என்று சொன்னால் அது பாதிப் பொய். நாலு மாதமாக அவன் கை அரித்துக்கொண்டு கிடந்தது. அடுத்தவன் போடுவதைப் பார்த்து மனதுக்குள்ளேயே கம்பியை ஊட்டிக்கொண்டிருந்தான். டார்ச்சைப் பிடித்தவன் கடைசிச் சுற்றுவரை நிறுத்தவே இல்லை. எக்ஸ்ரே படம் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக வந்தது.

அந்த ஒன்று இரண்டாகி, பிறகு எல்லாமே அவன்தான் என்று ஆகிவிட்டது. உள்ளே இருவரும் மாஸ்க் போட்டவர்கள். தார்ப்பாய்க்குள் எட்டிப் பார்த்தாலும் யார் யார் என்று யாருக்கும் தெரியாது. அவன் வெல்டிங் போட, அவர் சிலிண்டரை உருட்டினார். "முதலாளி, கம்பி எடுத்துத் தரவா?" என்று கேலி செய்வார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சத்தியமெல்லாம் செய்துகொள்ளவில்லை. செய்யத் தேவையில்லை என்று இருவரும் நினைத்தார்கள்.

எட்டு மாதம் அப்படி ஓடியது. நாற்பத்தேழாம் நம்பருக்கு ஒரு ரிப்பேர்கூட வரவில்லை. போர்மேன் கண்ணாடி அண்ணன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அந்த நேரத்தில் நம் ஆள் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தான். அப்போது அவனுக்கு உள்ளே ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது உண்மை.

மறு நேர்காணல் வந்தது. அதே கொட்டகை, அதே இன்ஜினியர், அதே பெண். இந்த முறை அவன் உட்கார்ந்தான். மனைவி சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னான். "எனக்கு நல்லா வரும். பதினெட்டு வருஷம் போட்டிருக்கேன்." நிமிர்ந்தே சொன்னான்.

இன்ஜினியர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"போன தடவை கொஞ்சம்தான் தெரியும்னு சொல்லியிருக்கீங்களாம். அதுக்கப்புறம் ஒரு வருஷமா ஹெல்பர். டார்ச்சே தொடாதவங்களுக்குக் கை விட்டுப் போயிருக்கும். டெஸ்டுக்கு ரெண்டு இடம்தான் இருக்கு. அடுத்த வருஷம் வரச் சொல்றார்."

அடுத்த வருஷம். மகளுக்குப் பள்ளியில் டி.சி. வாங்கியாகிவிட்டது என்று மனைவி முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள். "நீங்க பாஸாகிடுவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருந்தாள்.

"கை விட்டுப் போகல" என்றான். "இந்த எட்டு மாசமா நான்தான் போட்டேன். நாற்பத்தேழாம் நம்பர்ல இருக்கிறதெல்லாம் நான் போட்டது."

அந்தப் பெண் உடனே மொழிபெயர்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். போன வருஷம் தான் மொழிபெயர்த்துச் சொன்ன ஒரு பதில் இவனை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவளுக்கு இதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

"இதை நான் அவர்கிட்ட சொல்லணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "சொல்ல வேண்டாம்னா சொல்லல."

அந்த இடத்தில் அவனுக்கு நேரம் இருந்தது. வாய் தவறி வந்துவிட்டது என்று பின்னால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்கு நேரம் இருந்தது. இன்ஜினியர் பேனாவை மூடிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றான்.

கத்துவார்கள், போலீசைக் கூப்பிடுவார்கள் என்று பயந்தான். ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜினியர் நாற்பத்தேழாம் நம்பர் ஜாயிண்டுகளின் எக்ஸ்ரே படங்களை வரவழைத்தார். வெளிச்சப் பெட்டியின் மேல் ஒவ்வொன்றாக வைத்து வெகுநேரம் பார்த்தார். அன்று மத்தியானமே அவனுக்கு டெஸ்ட் வைத்தார்கள். அவன் போட்ட ஜாயிண்டைப் பார்க்க மற்ற வெல்டர்கள் கூடிவிட்டார்கள்.

கம்பெனி கணக்குப் போட்டது. நாற்பத்தேழாம் நம்பரை ரத்து செய்தால், அந்த எண் எழுதிய ஜாயிண்ட் அத்தனையையும் அறுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். லைசென்ஸ் இல்லாதவன் போட்டான் என்று ஊருக்கும் தெரிந்துவிடும். வேலையோ நன்றாக இருக்கிறது. ஆகவே நம்பர் இருக்கட்டும், ஆளை மட்டும் மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. நாற்பத்தேழாம் நம்பர் லைசென்ஸ் அட்டையில் புதிய போட்டோ ஒட்டி அவனிடம் கொடுத்தார்கள். குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளும் அனுமதிக் காகிதமும் கூடவே வந்தது.

நான் அவர் பேரைச் சொல்லவில்லையே, நம்பரைத்தானே சொன்னேன் என்று அவன் தனக்குத்தானே பேசிப் பார்த்தான். அது அவனுக்கே எடுபடவில்லை.

மனைவி போனில் துள்ளிக் குதித்தாள். "பார்த்தீங்களா? வாயைத் திறந்து சொன்னா எல்லாம் நடக்குது. இத்தனை வருஷம் ஊமையா இருந்துட்டீங்களே!" என்றாள். அவன் ஆமாம் என்றான். எப்படி நடந்தது என்று அவளிடம் சொல்லவில்லை.

கண்ணாடி அண்ணனை வேலையை விட்டு நீக்கி, ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்த மூன்று நாளும் அவர் அவனோடு பேசாமல் இருக்கவில்லை. பேசியிருக்காவிட்டால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "சாப்ட்டியா?" என்று எப்போதும்போல் கேட்டார். தான் மடித்த சட்டைகளைக் காட்டி, "இதுல எது உன்னோடது, பார்த்து எடுத்துக்க. எனக்குத் தெரியல" என்றார்.

கிளம்புகிற அன்று காலை பத்து மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. அவர் தன் போனை அவனிடம் நீட்டினார்.

"பையனுக்கு ஒரு போன் போட்டுக் குடு தம்பி. பேர் எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தட்டுப்படல."

அவன் தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தான். மகனிடம் அவர் உற்சாகமாகவே பேசினார். "ஒண்ணும் இல்லடா, கண்ணு ஆபரேஷனுக்குக் கம்பெனியே லீவு குடுத்து அனுப்புறாங்க. நல்ல மனுஷங்க. படிப்பைப் பத்தி நீ கவலைப்படாத, நான் பார்த்துக்குறேன்." எதைக்கொண்டு பார்த்துக்கொள்வார் என்று அங்கே நின்ற இருவருக்கும் தெரியவில்லை.

"உங்ககூட ரூம்ல இருக்கிற அண்ணன் பக்கத்துல இருக்காராப்பா? அவர்கிட்ட குடுங்க" என்றான் மகன்.

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு போனைக் கொடுத்தார்.

"அண்ணே, அப்பா எல்லாம் சொல்லியிருக்காரு. அவருக்குக் கண்ணு தெரியாம இருந்தப்ப எட்டு மாசமா அவர் வேலையையும் சேர்த்து நீங்கதான் பார்த்தீங்களாம். உங்களாலதான் என் படிப்பு நிக்காம ஓடுச்சு. நான் வேலைக்குப் போனதும் மொதல்ல உங்களைத்தான் வந்து பார்ப்பேன்ணே."

அவன் வாயைத் திறந்தான். வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். "அண்ணே, லைன்ல இருக்கீங்களா?" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணாடி அண்ணன் போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியிருந்தார். அவன் நின்ற பக்கம் இல்லை, வேறு பக்கம். அவன் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கையில் போனை வைத்தான்.